டைரி வாங்கிக் கொடுத்து எட்டு மாதம் ஆகியும் அப்பா எழுதவில்லை, என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 78 வயது. தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 72, ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அப்பா தன் வாழ்க்கையை எழுதிவைக்க வேண்டும் என்று பொங்கலுக்குத் தடித்த டைரியும் நல்ல பேனாவும் வாங்கிக் கொடுத்தீர்கள். எட்டு மாதத்தில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, பெயர், பிறந்த தேதி, "எளிய குடும்பத்தில் பிறந்தேன்" என்ற ஒரு வரி, அவ்வளவுதான். கேட்டால் "நம்ம கதையில என்னத்த இருக்கு, எவன் படிக்கப் போறான்" என்கிறார். எப்படி எழுதவைப்பது என்று கேட்கிறீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதியவருக்கு எழுத்து வராமல் இல்லை. அவர் சொன்ன பதிலின் பின்பாதியில்தான் விஷயம் இருக்கிறது. படிக்க ஆள் இல்லாத எழுத்தை யாரும் எழுதமாட்டார்கள். ஆகவே உங்கள் கேள்வியை "அப்பாவுக்கு நான் எப்படி ஒரு வாசகனாக இருப்பது" என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

இரண்டு மாற்றங்களை முதலில் செய்யுங்கள். "வாழ்க்கை வரலாறு" என்ற சொல்லை வீட்டில் இனிமேல் எடுக்காதீர்கள். அது தலைவர்களுக்கும் தியாகிகளுக்கும் உரியது என்றே நம் ஊரில் பழகியிருக்கிறது. தன்னைப் பற்றித் தானே எழுதுவது தற்பெருமை என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பக்கம், ஒரே ஒரு விஷயம் பற்றிக் கேளுங்கள். அடுத்தது, அந்தப் பக்கத்துக்காக வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாள், குறிப்பிட்ட ஒரு நேரத்தில் நீங்கள் காத்திருக்க வேண்டும். ஞாயிறு காலை பத்தரைக்குப் போன் செய்து "படிங்கப்பா" என்று சொல்பவர் இருந்தால் சனிக்கிழமை இரவாவது பேனாவை எடுப்பார். நீங்கள் இரண்டு ஞாயிறு விட்டுவிட்டால் மூன்றாம் ஞாயிறு பக்கம் இருக்காது. இந்த வேலை நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இதுதான். முதியவரின் சோம்பலால் நிற்பதைவிடக் கேட்கும் பிள்ளையின் வேலைப் பளுவால் நிற்பதே அதிகம்.

தமிழில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1855-ல் பிறந்த உ.வே. சாமிநாதையர் 1940-ல் ஆனந்த விகடனில் தன் சரித்திரத்தை எழுதத் தொடங்கியபோது 85-ஐத் தொட்டுக்கொண்டிருந்தார். வாராவாரம் ஓர் அத்தியாயம் போக வேண்டும், வாசகர்கள் காத்திருக்கிறார்கள். 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது அது முடியவில்லை. முடியாவிட்டாலும் நூற்றுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள் நமக்குக் கிடைத்தன. முழுதாக எழுதி முடித்த பிறகுதான் படிப்பேன் என்று யாராவது காத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? உங்கள் அப்பாவிடமும் முடிவைப் பற்றிப் பேசாதீர்கள். வாரம் ஒரு பக்கம் என்றால் வருடத்துக்கு ஐம்பது பக்கம். அதுவே ஒரு சிறு புத்தகம்.

மறுப்புக்கு வெளியே சொல்லாத காரணங்களும் இருக்கும். "நீங்க இருக்கும்போதே எழுதி வச்சிருங்க" என்று சொல்லியிருந்தால், உயில் எழுதச் சொல்வதுபோல, போகும் நாளை நினைவூட்டுவதுபோல அவர் காதில் விழுந்திருக்கலாம். "பேத்தி பள்ளிக்கூடத்துல கேக்குறா, அந்தக் காலத்துல ஸ்லேட்டு எப்படி இருக்கும்னு" என்றால் அது இந்த வாரத்து வேலை. பங்காளித் தகராறு, நிலப் பிரச்சினை, ஊரில் யாரோ செய்த துரோகம், இவற்றை எழுதினால் உறவு கெடும், எழுதாவிட்டால் பொய்யாகும் என்ற தயக்கமும் உண்டு. "வேண்டியதை மட்டும் எழுதுங்க, மத்ததை விடுங்க, யாருக்கும் காட்ட வேண்டாம்னா காட்டமாட்டேன்" என்ற உறுதியை முதல் நாளே கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். வேறு சிலருக்கு உண்மையிலேயே விருப்பம் இருக்காது. மூன்று நான்கு முறை, வேறு வேறு விஷயங்களைக் கேட்டும் முகம் மலரவில்லை என்றால் விட்டுவிடுவதுதான் மரியாதை.

உடம்பு சொல்லும் காரணத்தை மனம் சொல்லும் காரணமாகத் தவறாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். கண்ணில் புரை இருந்தால் மெல்லிய கோடு போட்ட டைரியில் எழுதுவது தண்டனை. கண்ணாடி கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். விரல் மூட்டில் வலி இருந்தால் ஒல்லியான பேனாவை விடத் தடித்த பிடி உள்ள பேனா நல்லது. இல்லையென்றால் பேனாவின் மேல் துணிப்பட்டையைச் சுற்றிக் கொடுங்கள். அழுத்தாமல் எழுதலாம் என்பதால் ஜெல் பேனா கைக்குச் சுலபம். ஆனால் பல ஜெல் மைகள் ஈரம் பட்டால் பரவும் என்பதால் எழுதிய பக்கத்தை அந்த வாரமே போனில் படம் எடுத்துவிட வேண்டும். டைரியை அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளைகள் வாங்கும் லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு, நாற்பது பக்கமோ எண்பது பக்கமோ உள்ளதை வாங்கிக் கொடுங்கள். தேதி அச்சிட்ட டைரியில் ஒரு நாள் விட்டால் வெற்றுப் பக்கம் குற்றம் சொல்லும். நோட்டில் அந்தத் தொல்லை இல்லை. எண்பது பக்கம் தீர்ந்தால் ஒன்றை முடித்த நிறைவும் கிடைக்கும். வலது பக்கத்தில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். இடது பக்கம் பின்னால் நினைவு வருவதைச் சேர்க்க. அந்த இடது பக்கங்களில்தான் பிறகு நல்ல விஷயங்கள் வந்து உட்காரும். நேரம், காலைச் சாப்பாடும் மாத்திரையும் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து. இருபது நிமிடம் போதும். எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினால் மறுநாள் உட்காருவது எளிது.

கேள்விதான் இதில் கைவேலை. "சின்ன வயசு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "கஷ்டந்தான்" என்று வரும், அதோடு முடிந்தது. பெரிய கேள்விக்குச் சின்னப் பதில், சின்னக் கேள்விக்குப் பெரிய பதில். "வீட்டுல இருந்து பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாப் போவீங்க, வழியில யார் யார் வீடு?" என்று கேட்டால் தெருவே எழுந்து வரும். முதல் சம்பளம் எவ்வளவு, அதை யார் கையில் கொடுத்தார், அவர் அதை என்ன செய்தார்? வீட்டுக்கு முதல் கரண்டு வந்தபோது பல்பை எங்கே மாட்டினார்கள், அதற்கு முன் அரிக்கேன் விளக்கைத் துடைப்பது யார் வேலை? கமலை (மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு) இறைத்த கிணறு யாருடையது, ஒரு நாளைக்கு எத்தனை பேர் முறை வைத்து இறைத்தார்கள்? இப்படிப் பொருள், இடம், ஆள், தொகை என்று கையால் தொடக்கூடியதைக் கேளுங்கள். "அப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?" என்பதைக் கேட்கவே வேண்டாம், தானாக வரும். வெளிநாட்டுக் கேள்விப் பட்டியல்களை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். "உங்கள் முதல் கார் எது" என்று கோவில்பட்டிக் கரிசல்காட்டில் வளர்ந்தவரிடம் கேட்டு என்ன பயன்?

எந்த வயதைப் பற்றிக் கேட்பது என்பதில் ஆய்வு நமக்கு உதவுகிறது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை மற்ற காலத்தைவிடக் கூடுதலாக வருகின்றன. இது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது, உறுதியாகச் சொல்லலாம். ஏன் அப்படி என்பதில்தான் கருத்து வேறுபாடு. முதல்முறை நடந்தவை அதிகம் என்பதாலா, தன்னை யார் என்று ஒருவர் அமைத்துக்கொள்ளும் வயது என்பதாலா என்று விளக்கங்கள் பல. உங்கள் அப்பாவுக்கு அது ஏறக்குறைய 1957 முதல் 1977 வரை. அங்கே தொடங்குங்கள். பிறப்பில் தொடங்கினால் அவருக்கே நினைவில்லாததை எழுத வேண்டிவரும், அதனால்தான் அந்த முதல் வரி அங்கேயே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் ஜேம்ஸ் பிர்ரன் என்ற முதுமையியல் அறிஞர் 1970-களிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு முறை இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு. வாரம் ஒரு தலைப்பில் இரண்டு பக்கம். எழுதியதைக் குழுவில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வாழ்க்கை திசை மாறிய இடங்கள், குடும்பம், வேலை, பணம், உடல்நலம், சாவைப் பற்றிய எண்ணங்கள் என்று தலைப்புகள் போகும். நம் வீடுகளில் பணம் என்ற தலைப்பு மிக நன்றாகப் பேசவைக்கும்: கைமாற்று, சீட்டு, அடகு வைத்த கம்மல், வட்டிக்கு வாங்கியவர் பெயர் எல்லாம் ரூபாய் பைசாவோடு வரும். அந்த முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது தலைப்புகளைவிட வாய்விட்டுப் படிப்பதுதான். ஊரில் அப்பாவோடு வேலை பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் மாதம் ஒரு முறை திண்ணையில் கூடிப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் படிக்கும்போது "அந்த எச்.எம். எங்க ஸ்கூலுக்கும் வந்தாரு" என்று இன்னொருவர் தொடங்குவார்.

நினைவைத் தட்டி எழுப்பும் பொருள்களில் மொய் நோட்டுக்கு ஈடு எதுவும் கிடையாது. பெற்றோரின் கல்யாண மொய் நோட்டோ, அத்தைகளின் கல்யாண நோட்டோ பரணில் இருந்தால் தேடி எடுங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். இரண்டு ரூபாய் எழுதியவர் யார், ஐந்து ரூபாய் எழுதியவருக்கு என்ன வசதி, எவர்சில்வர் குடம் வைத்தவர் எந்த வகையில் உறவு, அந்த ஊரோடு இப்போது போக்குவரத்து ஏன் இல்லை? ஒரு பக்கம் மொய் நோட்டு பத்து வாரத்துக்குக் காணும். அடுத்தது நியமன ஆணை, மாறுதல் ஆணைகள். ஆசிரியருக்கு ஒவ்வொரு மாறுதலும் ஓர் ஊர், ஒரு பஸ், ஒரு வாடகை வீடு. பழைய இன்லேண்ட் கடிதம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளிக் குழுப்படம் எல்லாம் உதவும். படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்பக்கத்தின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் விழும், மை ஊறவும் செய்யும்.

இன்னொரு வழி வரைபடம். ஒரு பெரிய தாளில் அவர் வளர்ந்த வீட்டைப் போடச் சொல்லுங்கள்: அடுப்பு எங்கே, குதிர் எங்கே, மாடு எங்கே கட்டினார்கள், பிள்ளை பெற்றவள் எந்த மூலையில் படுத்தாள். பிறகு ஊர். கிணறு, கோயில், சாவடி, கண்மாய், யார் தெரு எங்கே. ஊர் வரைபடத்தில் சாதி தானாகத் தெரியும். யாருக்கு எந்தக் கிணறு, டீக்கடையில் யாருக்குத் தனி டம்ளர் என்பதும் வரும். அதை மழுப்பாமல் எழுதச் சொல்லுங்கள். ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதிவைப்பது பெரிய ஆவணம்.

வருடக் கணக்கில் தடுமாறுவார்கள், அதனாலேயே எழுத்தை நிறுத்துவார்கள். "தேதி தெரியலைன்னா விடுங்க, பின்னால பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பின்னால் நீங்கள் கண்டுபிடிக்கலாம். காசைப் பற்றிய நினைவு நல்ல அடையாளம்: நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1, ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய் நூறு பைசா ஆனது. கடைக்காரர் அணாவை நயா பைசாவாக மாற்றிக் கணக்குச் சொன்னதில் தகராறு நடந்தது என்று நினைவிருந்தால் அது அந்த வருடத்தை ஒட்டியது, அப்பாவுக்குப் பத்து வயது. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965 ஜனவரி. அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. காமராஜர் இறந்தது 1975 அக்டோபர் 2. சத்துணவு தொடங்கியது 1982. "அண்ணா செத்தப்போ கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டால் விடை சட்டென்று வரும். ஜாதக நோட்டில் தமிழ் வருடப் பெயர் இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்புவதால் கணக்கு எளிது: சர்வஜித்து என்றால் 1947 சித்திரையிலிருந்து, விகாரி என்றால் 1959 சித்திரையிலிருந்து. திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு (கேரளத்தில் வழங்கும் ஆண்டுக்கணக்கு) இருந்தால், அதை ஆங்கில வருடமாக்க மார்கழிப் பின்பாதி முதல் ஆடி வரை 825-ம், ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824-ம் கூட்டுங்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். சேர்க்கும்போது வயது பொருந்துவதற்காகத் தலைமையாசிரியர் போட்ட தேதியாக அது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் அப்பாவே எத்தனை பிள்ளைகளுக்கு அப்படிப் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள், அதுவே ஒரு பக்கம் வரும்.

ஆசிரியர்கள் எழுதும்போது வரும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பணிநிறைவு விழா வாழ்த்துமடல் நடை வந்துவிடும்: "செவ்வனே பணியாற்றினேன்", "அனைவரின் அன்பையும் பெற்றேன்". திருத்தாதீர்கள். முதல் மூன்று மாதம் எழுத்துப் பிழையையோ, தேதிப் பிழையையோ, நடையையோ ஒரு முறைகூடச் சுட்டாதீர்கள். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "செவ்வனேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஸ்கூல்ல காலையில முதல்ல என்ன செய்வீங்க, சாவி யார்கிட்ட இருக்கும்?" பதிலைச் சொல்லத் தொடங்கியதும் "இதை இடது பக்கத்துல எழுதிருங்கப்பா" என்று சொல்லுங்கள். நாலைந்து வாரத்தில் வலது பக்கமே அந்த மாதிரி மாறும். ஐம்பது முறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன கதைகளுக்கும் இதே மருந்துதான். எல்லோருக்கும் மனப்பாடமான அந்தக் கதையில் யார் பக்கத்தில் நின்றார்கள், அன்றைக்கு என்ன சாப்பாடு, திரும்பி வரும்போது என்ன பேசினார்கள் என்று கேட்டால் இதுவரை சொல்லாதது வரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பளிச்சென்று நினைவிருப்பதாலேயே அது நடந்தபடி இருக்கிறது என்று ஆகாது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நினைவு கொஞ்சம் மாறும். இது எல்லா வயதினருக்கும் பொது. அம்மா குறுக்கே வந்து "அது அந்த வருஷம் இல்ல, பெரியவ பிறந்ததுக்கு அப்புறம்" என்றால் தீர்ப்புச் சொல்லாமல் இருவர் சொன்னதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலத் தகராறுக்கோ வம்ச உரிமைக்கோ இந்த நோட்டைச் சான்றாக எடுக்கக் கூடாது; அதற்குப் பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும்தான்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அம்மாவிடமும் நிறைய இருக்கிறது, ஆனால் எழுத வராது." அதில் எனக்கு அக்கறை அதிகம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. அந்தத் தலைமுறைகளின் பாதி வாழ்க்கை எழுத்தில் வராமலே போனது இதனால்தான். அம்மாவுக்கு நோட்டு வேண்டாம், போனில் பதிவு செய்யுங்கள். அப்பா இல்லாத நேரத்தில் உட்காருங்கள். அவர் இருந்தால் அம்மா ஒரு வாக்கியம் தொடங்க அவர் முடிப்பார். "வாழ்க்கையைச் சொல்லும்மா" என்றால் "எனக்கு என்ன தெரியும்" என்பார். கை வேலையோடு கேளுங்கள், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது. கல்யாணமாகி வந்த முதல் வாரம் இந்த வீட்டில் யார் சமைத்தது, உலை வைக்க எத்தனை படி, தண்ணீருக்கு எவ்வளவு தூரம், பிரசவம் பார்த்தது யார், முதல் குழந்தைக்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? உங்கள் பக்கத்தில் தீப்பெட்டி வேலை வீடு வீடாக நடந்தது. சிறுமியாகப் பெட்டி ஒட்டியிருந்தால் ஒரு குரோசுக்கு (144 பெட்டி) என்ன கூலி, பசையை எதில் காய்ச்சினார்கள், கூலிக்காசு யார் கைக்குப் போனது?

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள். துண்டு இல்லாவிட்டால் மேசையில் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடிபோல் விழும். மின்விசிறியும் மிக்சியும் டி.வி.யும் முக்கிய எதிரிகள். விசிறியை நிறுத்த முடியாத வெயிலில் அதற்கு நேர்கீழே உட்காராமல் தள்ளி உட்காருங்கள். தொடங்கும்போது நாள், இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்.பி. என்று வைத்தால் அது நாற்பத்தைந்து எம்.பி.க்குள் அடங்கும். அன்றைக்கே கோப்புக்கு நாளும் விஷயமும் சேர்த்துப் பெயர் வைத்து, கணினியில் ஒன்று, வேறு வீட்டில் இருக்கும் தம்பியோ தங்கையோ வைத்திருக்க ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று மூன்று இடத்தில் போடுங்கள். வாட்ஸாப் குரல் செய்தியாகவே வைத்திருப்பவர்கள் போன் மாற்றும்போது இழக்கிறார்கள். அம்மா பேசி நிறுத்தியதும் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். அந்த ஐந்துக்குள் அவர் மறுபடி பேசத் தொடங்குவது மிக அதிகம்.

எழுத்தாக்குவது பொறுமை வேலை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு மணி நேரமாவது ஒதுக்குங்கள். போனில் இருக்கும் தமிழ்க் குரல்வழித் தட்டச்சு செய்தித் தமிழை ஓரளவு பிடிக்கும். "அங்கிட்டு", "வந்தாக", "போயிட்டாக" என்ற பேச்சில் தடுக்கி விழும். கேட்டுக்கேட்டுத் திருத்தத்தான் வேண்டும். அந்தப் பேச்சை மேடைத் தமிழாக மாற்றாதீர்கள். நிறுத்தக்குறி போடலாம், திரும்பத் திரும்ப வரும் "அப்புறம்" சிலவற்றை எடுக்கலாம், அதற்கு மேல் கை வைத்தால் உங்கள் அம்மா அங்கிருந்து போய்விடுவார். தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் அவர் சொன்ன விளக்கத்தையே எழுதிவையுங்கள். கமலையின் உறுப்புகள், அளவுப் படிகளின் பெயர், மானாவாரிப் பயிர் வகைகள் எல்லாம் இப்படிச் சேரும்.

வலியான இடங்கள் வரும். இறந்த குழந்தை, பட்டினி, அடி, கலவரம். இலங்கையிலிருந்தோ பர்மாவிலிருந்தோ வந்த குடும்பங்களில் விட்டுவந்த வீடு. குரல் தாழ்ந்து, மூச்சு மாறி, கண் எங்கோ போனால் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். "போதும்மா, தண்ணி குடிங்க" என்று சொல்லிப் பதிவை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள், எழுந்து போய்விடாதீர்கள். அழுவது தவறில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வாரம் தூக்கமும் சாப்பாடும் குறைந்து ஒடுங்கியே இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது குடும்பத்தார் கேட்டுத் தீர்க்கும் விஷயம் அல்ல.

இதனால் உடம்புக்கும் மனதுக்கும் நல்லதா என்றும் கேட்டிருந்தீர்கள். முதுமையில் பழையதைத் திரும்பப் பார்ப்பது மூளை தளர்வதன் அடையாளம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அது இயல்பானது, தேவையானது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-ல் எழுதினார். அதன் பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், முறையாக வழிநடத்தி வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கவைத்தால் முதியோரின் மனச்சோர்வு அளவு குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் நடத்திய நிகழ்ச்சிகளில் கிடைத்த பலன் அது. வீட்டில் மகனோ மகளோ கேட்டால் அதே அளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மறதி நோயை இது தடுக்கும் என்று சிலர் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மறதி ஏற்கெனவே தொடங்கியிருந்தால் எழுத்தை விட்டுவிட்டுப் படங்களும் பாட்டும் பேச்சும் என்று மாறுங்கள். சொன்னதையே சொன்னால் "இதைச் சொல்லிட்டீங்க" என்று திருத்தாமல் மறுபடி கேளுங்கள்.

ஒரு நோட்டு நிறைந்ததும் தட்டச்சுக்குக் கொடுக்கலாம். யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லிக் கண்டிப்பாகக் கேளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் வேறு கணினியில் திறக்கும்போது குப்பையாகத் தெரியும். முதியோர் படிப்பதற்கு 14 புள்ளி எழுத்து வேண்டும். அச்சிடும் முன், அதில் பெயர் வரும் உயிரோடிருப்பவர்களின் பகுதிகளை அப்பாவிடமே வாய்விட்டுப் படித்துக் காட்டி, இருக்கட்டுமா எடுக்கட்டுமா என்று கேளுங்கள். எடுக்கச் சொன்னதை அச்சிலிருந்து எடுங்கள், கையெழுத்து நோட்டை மட்டும் கிழிக்காதீர்கள். டிஜிட்டல் அச்சில் முப்பது நாற்பது பிரதிகள்கூடப் போட முடியும், சொந்தபந்தத்துக்கு அது போதும். கையெழுத்து நோட்டும் பதிவும் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். வெளியே போகலாம் என்று அவர் சம்மதித்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஏற்பார்களா என்று கேட்கலாம்; இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு, அவர்களின் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் "நூலகம்" என்ற பெயருள்ள நிறுவனம் இருக்கிறது.

வருகிற ஞாயிறு இதைச் செய்யுங்கள். மொய் நோட்டைப் பரணிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லி அம்மாவிடம் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள். பத்தரைக்குப் போன் செய்து, முதல் பக்கத்தில் இருக்கும் முதல் பெயரை அப்பா படிக்கட்டும். "இவரு யாருப்பா, இவருக்கு நாம எப்போ திருப்பிச் செஞ்சோம்?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் சொல்வார். முடித்ததும், "அடுத்த ஞாயித்துக்கிழமை இதையே ஒரு பக்கம் எழுதிப் படிங்க, பத்தரைக்குக் கூப்பிடுறேன்" என்று சொல்லிப் போனை வையுங்கள். அடுத்த ஞாயிறு பத்தரைக்குக் கூப்பிடுங்கள்.